என்ஜின் எண்ணெயை மாற்றுங் காலம்: பரிசோதனையால் அறியும் முறை

கவலை மாடுகள் கிணற்று மேட்டில் ஏறியிறங்கிய காலம் மறைந்துவிட்டது. 1932-ல் உற்பத்தி தொடங்கிய பைக்காரா மின்சாரம் கோயம்புத்தூர்ப் பகுதிக்கு வந்தது முதல் நீர் இறைப்பது படிப்படியாக மோட்டாரின் வேலையாயிற்று. அதன் பின்னர் உழவுக்கு டிராக்டரும், சந்தைக்குச் சரக்கு வேனும், பனியன் கம்பெனிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்வரக் காரும் வந்து சேர்ந்தன. பல்லடம் பக்கத்துக் கோழிப் பண்ணைகளில் மின்சாரம் நின்ற வேளையில் விசிறிகளை ஓட்ட ஜெனரேட்டரும் வேண்டியதாயிற்று. இன்று திருப்பூர் ஜில்லாவில் ஒரே பண்ணையில் இரண்டு மூன்று என்ஜின்கள் இருப்பது அபூர்வமன்று. ஊராட்சிகளிடத்திலும் தண்ணீர் டிராக்டர், குப்பை வண்டி முதலியன உண்டு.

இவையனைத்துக்கும் பொதுவான செலவு ஒன்று இருக்கிறது. அஃது என்ஜின் எண்ணெய் மாற்றுஞ் செலவு. இச்செலவைச் சிலர் வேண்டுமுன்னரே செய்து பணத்தை இழக்கின்றனர். சிலர் வேண்டிய காலங் கடந்து செய்து என்ஜினை இழக்கின்றனர். இவ்விரு சாராரும் தாம் செய்வது சரியென்றே நம்புகின்றனர். ஏனெனில் எண்ணெய் இன்னும் உழைக்குமா, உழைக்காதா என்பதைக் கண்ணால் கண்டு சொல்ல இயலாது. பட்டறைகளில் அளவுகோலை உருவி, எண்ணெயை இரு விரல்களுக்கிடையே தேய்த்து, "கறுத்துவிட்டது, மாற்றவேண்டியதுதான்" என்று சொல்லும் வழக்கம் உண்டு. டீசல் என்ஜினில் ஊற்றிய புது எண்ணெய் சில மணி நேரத்திலேயே கறுப்பது இயற்கை. எரிதலில் உண்டாகும் கரியை என்ஜினுள் எங்கும் படிய விடாமல் தன்னகத்தே தாங்கிக்கொள்வதற்கென்றே எண்ணெயில் மருந்துகள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஆகவே கறுத்த எண்ணெய் கெட்ட எண்ணெயன்று. பெரும்பாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும் எண்ணெயே. மாறாக, பார்வைக்குத் தெளிவாயிருக்கும் எண்ணெயில் பெட்ரோலோ நீரோ கலந்து அது முற்றும் வலுவிழந்திருத்தலும் கூடும்.

கம்பெனிகள் கையேட்டில் அச்சிட்டிருக்கும் கணக்கோ எனின், அது பல ஊர்களையும் பலவித ஓட்டத்தையும் மனத்திற்கொண்டு போடப்பட்ட பொதுக்கணக்கு. டிராக்டருக்கு 250 மணி என்றும், இக்காலத்துக் கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு என்றும் பெரும்பாலும் காண்கிறோம். காங்கயம் பக்கத்துச் செம்மண் புழுதியில் கோடை உழவு செய்யும் டிராக்டரும், நஞ்சை நிலத்தில் சேறடிக்கும் டிராக்டரும் ஒரே 250 மணி ஓடினாலும் அவற்றின் எண்ணெய்கள் ஒரே நிலையில் இரா. நிலத்துக்கு உரமிடுவதிலும் இப்படித்தான். ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்று பொதுவாகச் சொல்வது ஒரு வழி. மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பி, அதில் இல்லாததை அறிந்து இடுவது மற்றொரு வழி. மண் பரிசோதனையின் பயனை நம் குடியானவர்கள் நன்கறிவர். எண்ணெய்ப் பரிசோதனையும் அதே தன்மையது.

இம்முறை ரயில்களிலிருந்து வந்தது. அமெரிக்காவில் டென்வர் அண்டு ரியோ கிராண்டு என்னும் ரயில்வேயின் ஆய்வுக்கூடத்தார் 1946-ல் டீசல் ரயில் என்ஜின்களின் பழைய எண்ணெயை எடுத்து, அதிலிருந்த உலோகத் துகள்களின் அளவைக் கொண்டு, என்ஜினைப் பிரிக்காமலே உள்ளே எந்த உறுப்பு தேய்கிறது என்று கண்டறிந்தனர். 1950-களின் நடுவில் அந்நாட்டுக் கடற்படையார் தங்கள் விமானங்களுக்கு இதைக் கையாண்டனர். இந்திய ரயில்வேயும் டீசல் என்ஜின்களைப் பராமரிக்கும் ஷெட்டுகளில் ரசாயன ஆய்வுக்கூடங்களை வைத்து இம்முறையை மேற்கொண்டது. நமக்கு அண்மையில் ஈரோட்டிலும், திருச்சியையடுத்த பொன்மலையிலும் இத்தகைய ஷெட்டுகள் உண்டு. ஒரு ரயில் என்ஜினில் நூற்றுக்கணக்கான லிட்டர் எண்ணெய் இருக்கும். அதைக் காலண்டரைப் பார்த்துக் கொட்டிவிட எந்த நிர்வாகமும் இணங்காது. ஆகவே குறித்த நாள்களில் மாதிரி எடுத்துப் பார்த்து, எண்ணெய் தகுதியாயிருக்குமளவும் ஓட்டுவதே அங்கு முறை.

பரிசோதனை கூறுவன

எண்ணெயின் சொந்த நிலை, அதில் கலந்துவிட்ட அந்நியப் பொருள், என்ஜினிலிருந்து தேய்ந்து வந்த உலோகம் ஆகிய மூன்றும் பரிசோதனை அறிக்கையில் இருக்கும்.

எண்ணெயின் நிலையை முக்கியமாக அதன் பாகுத்தன்மையும் காரச்சத்தும் தெரிவிக்கும். டிராக்டர்களிலும் ஜெனரேட்டர்களிலும் பெருவழக்காயுள்ள 15டபிள்யூ-40 என்னும் எண்ணெயின் பாகுத்தன்மை 100 டிகிரி உஷ்ணத்தில் 12.5 சென்டிஸ்டோக்குக்குக் குறையாமலும் 16.3-ஐ எட்டாமலும் இருக்கவேண்டும். எரிபொருள் கலந்தால் எண்ணெய் நீர்க்கும். கரி மிகுந்தாலும், உஷ்ணத்தால் எண்ணெய் முற்றினாலும் தடிக்கும். காரச்சத்து என்பது எரிதலில் பிறக்கும் அமிலத்தை முறிப்பதற்காகச் சேர்க்கப்பட்டது. அது நாளடைவில் செலவாகும். புது எண்ணெயிலிருந்த அளவில் பாதியாக இறங்கினால் மாற்றுங் காலம் வந்ததென்று கொள்வது பொதுவழக்கு. இதில் அநேகர் அறியாத மாறுதல் ஒன்று உண்டு. 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் விற்கப்படும் பாரத் ஸ்டேஜ் 6 டீசலில் கந்தகம் பத்து லட்சம் பங்கில் 10 பங்குக்கு மேல் இருக்கலாகாது. அதற்கு முந்தைய பாரத் ஸ்டேஜ் 4 டீசலில் 50 பங்கு வரை அனுமதி இருந்தது. கந்தகம் குறைய அமிலமும் குறையும். காரச்சத்தும் முன்போல் விரைவில் தீராது. கந்தகம் மிகுந்த டீசலின் காலத்தில் பெரியவர்கள் வகுத்த கணக்கை இன்றும் பின்பற்றுவோர் நல்ல எண்ணெயைக் கொட்டுவோராயிருத்தல் கூடும்.

அந்நியப் பொருள்களில் நீர், எரிபொருள், ரேடியேட்டர் திரவம் ஆகியவை கவனிக்கத்தக்கவை. நீர் நூற்றில் 0.2 பங்கை எட்டினால் காரணம் தேடவேண்டும். சோடியமும் பொட்டாசியமும் ஒருங்கே ஏறினால் ரேடியேட்டர் திரவம் கசிகிறதென்று ஐயுறலாம். ஹெட் கேஸ்கட் போகத் தொடங்கியிருக்கும்.

ஆயினும் நம் பகுதிக்கு எல்லாவற்றினும் முக்கியமானது சிலிக்கான். மண்ணிலும் மணலிலும் உள்ள பொருள் இதுவே. எண்ணெயில் இது ஏறுகிறதென்றால் புழுதி உள்ளே போகிறதென்பது பொருள். மூன்று லிட்டர் கொள்ளளவுள்ள ஒரு டிராக்டர் என்ஜின் நிமிஷத்துக்கு 2,000 சுற்றுச் சுற்றும்போது அந்த ஒரு நிமிஷத்தில் ஏறத்தாழ 2,500 லிட்டர் காற்றை இழுக்கிறது. மணிக்கணக்கில் பெருக்கிப் பார்த்தால் ஒரு நாள் உழவில் அது விழுங்கும் காற்று ஒரு பெரிய களஞ்சியத்தைப் பலமுறை நிரப்பும். அக்காற்றை வடிப்பது ஏர் கிளீனர் ஒன்றே. அதிலிருந்து என்ஜினுக்குப் போகும் ரப்பர்க் குழாயில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும், கிளிப் தளர்ந்திருந்தாலும் வடிகட்டாத புழுதி நேரே சிலிண்டருக்குள் செல்லும். அது லைனரையும் பிஸ்டன் ரிங்கையும் உப்புத்தாள் போல் அராவும். ஓட்டுவோருக்கு ஒன்றும் தெரியாது. புகை வந்து, இழுவை குறைந்து, எண்ணெய் குடிக்கத் தொடங்கிய பின்னரே தெரியும். அப்போது என்ஜினைப் பிரித்துச் சீர்திருத்துவதைத் தவிர வேறு வழியிராது. பரிசோதனை அறிக்கையிலோ, சிலிக்கானும் அதனுடன் அலுமினியமும் ஏறி, அடுத்து இரும்பும் குரோமியமும் ஏறுவது முன்னதாகவே காணப்படும். சில நூறு ரூபாய்க் குழாயைக் கொண்டு என்ஜினைக் காக்கும் சந்தர்ப்பம் அதுவே. புது என்ஜின்களில் மட்டும் மூட்டுகளில் பூசிய பசையிலிருந்தும் சிறிது சிலிக்கான் வரும். அதைக் கண்டு திகிலடைய வேண்டுவதில்லை.

ஏனைய உலோகங்களும் தத்தம் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். இரும்பு லைனர், கிராங்க், கேம் ஆகியவற்றினின்றும், அலுமினியம் பிஸ்டனினின்றும், குரோமியம் ரிங்கினின்றும், ஈயமும் வெள்ளீயமும் செம்பும் பேரிங்கினின்றும் வரும். செம்பு மட்டுமாக ஏறினால் எண்ணெய்க் கூலரையும் சந்தேகிக்க வேண்டும். இவை பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்னும் நுண்ணளவிலேயே சொல்லப்படும். மிக நுண்ணிய துகள்களை மாத்திரமே இக்கருவி காணும் என்பதையும் மறக்கலாகாது. பேரிங் பெருஞ்சில்லாகப் பெயர்ந்தால் அறிக்கையில் தெரியாமற் போகலாம். ஆகையால் பழைய எண்ணெய் வடிகட்டியை வெட்டிப் பார்த்து, மடிப்புகளில் பளபளக்கும் சில்லுகள் உண்டாவென்று சோதித்தலும் வேண்டும்.

ஓர் அறிக்கையைக் கொண்டு தீர்ப்புச் சொல்வது தவறு. உதாரணமாக, ஒரு டிராக்டரின் எண்ணெயில் இரும்பு 60 பங்கு என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். முந்தைய மூன்று முறையும் அதே 250 மணியில் 55-லிருந்து 62-க்குள் இருந்திருந்தால் அது அந்த என்ஜினுக்கு இயல்பு. முந்தைய மூன்று முறையும் 20-ஐ ஒட்டியிருந்தால் அதே 60 அபாய அறிவிப்பு. மேலும் 250 மணி ஓடிய எண்ணெயையும் 400 மணி ஓடிய எண்ணெயையும் அப்படியே ஒப்பிடலாகாது. மணிக்கு எவ்வளவு ஏறிற்று என்று வகுத்தே பார்க்கவேண்டும். இடையில் எண்ணெய் குறைந்து புதிது ஊற்றியிருந்தால் அதுவும் கணக்கில் வரவேண்டும், ஏனெனில் புது எண்ணெய் பழையதன் குற்றங்களை நீர்க்கச் செய்து மறைத்துவிடும். முதன்முறையாகச் சோதிப்போர், திறக்காத டப்பாவிலுள்ள புது எண்ணெயிலும் ஒரு மாதிரி எடுத்து உடன் அனுப்புதல் நன்று. எங்கிருந்து புறப்பட்டோம் என்று தெரியாமல் எவ்வளவு தூரம் வந்தோம் என்று சொல்ல முடியாதல்லவா?

யாருக்கு இலாபம்

இங்கு வெளிப்படையாகச் சொல்லவேண்டியது ஒன்று. ஒரே ஒரு சிறிய கார் வைத்திருப்பவர் எண்ணெய்ச் செலவை மிச்சப்படுத்த எண்ணிப் பரிசோதனை செய்வது வீண். அதில் பிடிக்கும் எண்ணெய் மூன்று முதல் ஐந்து லிட்டர். முழுப் பரிசோதனைக் கட்டணமும், மாதிரியை அனுப்பும் செலவுஞ் சேர்ந்தால், மாற்றாமல் மிச்சம் பிடித்த எண்ணெயின் விலையை விழுங்கிவிடும். அவர் கையேட்டின்படி மாற்றிவிடுவதே இலாபம். உத்தரவாதக் காலத்திலுள்ள வண்டிகளுக்கு அறிக்கை எவ்வளவு நன்றாயிருப்பினும் கையேட்டின் கெடுவைத் தாண்டலாகாது. தாண்டினால் பின்னர் உத்தரவாதம் கோருவதற்கு இடையூறாகும்.

எனினும் காருக்கும் பரிசோதனை பயன்படும் இடம் இரண்டு. பழைய கார் அல்லது டிராக்டரை விலைக்கு வாங்குமுன் ஒருமுறை பார்ப்பது ஒன்று. மற்றொன்று, தோட்டத்து வீட்டிலிருந்து நாலைந்து கிலோமீட்டரில் உள்ள கம்பெனிக்கோ கடைவீதிக்கோ மட்டும் தினமும் ஓடும் கார். இத்தகைய ஓட்டத்தில் என்ஜின் முழுச்சூடு அடைவதற்குள் நிறுத்தப்படுகிறது. எரியாத பெட்ரோலும், எரிதலில் உண்டான நீராவியும் எண்ணெயில் தங்கிவிடுகின்றன. பாரத் ஸ்டேஜ் 6 டீசல் கார்களில் புகைவடிகட்டியில் சேர்ந்த கரியை எரித்துச் சுத்தி செய்ய இடையிடையே கூடுதல் டீசல் செலுத்தப்படுகிறது. அவ்வேலை முடியுமுன் அடிக்கடி நிறுத்தினால் அந்த டீசலில் ஒரு பகுதி எண்ணெயில் இறங்கும். அளவுகோலில் எண்ணெய் குறையாமல் ஏறிக்கொண்டே வந்தால் மகிழவேண்டாம். எரிபொருள் கலந்திருக்கிறதென்று அறிக. இவ்வித கார் ஆண்டுக்கு 3,000 கிலோமீட்டரே ஓடினாலும் ஆண்டுக்கொருமுறை எண்ணெய் மாற்றுவது அவசியம்.

உண்மையான இலாபம் ஐம்பது லிட்டருக்கு மேல் எண்ணெய் பிடிக்கும் ஜெனரேட்டர் உடையோருக்கும், பல டிராக்டர்களையும் அறுவடை யந்திரங்களையும் வாடகைக்கு விடுவோருக்கும், லாரி, பஸ் முதலாளிகளுக்குமே உண்டு. திருப்பூரிலேயே இதற்கு நல்ல சாட்சி இருக்கிறது. 2012-ல் மின்வெட்டு உச்சநிலையில் இருந்தபோது பனியன் கம்பெனிகள் ஜெனரேட்டரை நம்பியே தைத்தன. நாளொன்றுக்கு 12 மணி ஓடிய ஒரு ஜெனரேட்டர் 250 மணியை மூன்று வாரத்திலேயே எட்டிவிடும். மூன்று வாரத்துக்கொருமுறை அவ்வளவு எண்ணெயையும் கொட்டுவதா, பரிசோதித்து இன்னும் நூறு மணி ஓட்டுவதா என்பது அக்காலத்தில் பெருந்தொகைக்குரிய கேள்வி. ஒரே சீரான வேகத்தில், முழுச்சூட்டில், நிழலான கொட்டகையில் ஓடும் என்ஜினில் எண்ணெய் நீடித்து உழைக்கும். ஆகவே பரிசோதனை அங்கே பலன் தரும்.

இன்று அதே ஜெனரேட்டர் பெரும்பாலும் ஓய்ந்து நிற்கிறது. வாரத்துக்கொருமுறை பத்து நிமிஷம் சும்மா ஓட்டி நிறுத்துகிறார்கள். ஆண்டுக்கு ஒன்பது மணி கூட ஆகாது. இக்கணக்கில் 250 மணி நிறைய இருபத்தெட்டு ஆண்டுகள் செல்லும்! மணிக்கணக்கை மட்டும் நம்பி எண்ணெயை விட்டுவைத்த இடங்களில், ஒவ்வொரு குறுகிய ஓட்டத்திலும் படிந்த நீர் எண்ணெயோடு கலந்து, பேரிங்குகளில் துருவும் அரிப்பும் உண்டாக வழியாகிறது. கோழிப் பண்ணையில் ஜேஷ்ட மாதத்து நடுப்பகலில் மின்சாரம் போகும் வேளையே அந்த என்ஜின் உழைக்கவேண்டிய வேளை. இத்தகைய என்ஜினுக்கு மணிக்கணக்கு உதவாது, ஆண்டுக்கணக்கு வேண்டும். பத்து நிமிஷத்துக்குப் பதிலாக மாதத்துக்கொருமுறை அரைமணிக்குக் குறையாமல், விசிறி விளக்குகளின் பாரத்தை ஏற்றி ஓட்டுவது, சும்மா ஓட்டுவதைவிட நன்று.

வீட்டிலேயே செய்யத்தக்கவை

ஆய்வுக்கூடம் போகாமலே பார்க்கக்கூடியவை இரண்டு உண்டு. என்ஜின் சூடாயிருக்கும்போது அளவுகோலிலிருந்து ஒரு துளியை வடிதாளின் நடுவில் இட்டு, தாளின் மையம் எதிலும் படாதவாறு ஒரு டம்ளரின் வாய்மேல் வைத்து, ஒரு நாள் விடவேண்டும். துளி சீராகப் பரவிச் சாம்பல் நிறமாய் மங்கிச் சென்றால் எண்ணெய் இன்னும் கரியைத் தாங்குகிறது. நடுவில் மைபோன்ற கருவட்டம் கூரிய விளிம்போடு நின்று, அதைச் சுற்றி வெறும் எண்ணெய் மட்டும் பரவியிருந்தால் தாங்குஞ் சக்தி தீர்ந்தது. நீரைக் காண, சமையலுக்கு உதவாத பழைய தோசைக்கல்லைச் சூடாக்கி இரண்டு துளி விட்டுப் பார்க்கலாம். பொரிந்து சடசடவென்று தெறித்தால் நீர் உண்டு. முகத்தை அண்ட வைக்கலாகாது; கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும்; அருகில் பெட்ரோல் இருத்தல் கூடாது. இவை ரயில்வே ஷெட்டுகளிலும் கையாளப்படும் முறைகளின் எளிய வடிவங்களே. ஆனால் தேய்மான உலோகத்தை இவை காட்டா.

ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப மாதிரி எடுப்பதில்தான் பெரும்பாலும் பிழை நேர்கிறது. வயலின் ஓரத்தில், எருக்குவியலின் அருகில் மண்ணெடுத்தால் அறிக்கை எப்படிப் பயனற்றுப் போகுமோ அப்படியே இதுவும். அரைமணி ஓடி நிறுத்திய சூடான என்ஜினிலிருந்து எடுக்கவேண்டும். சம்ப்பின் அடைப்பைத் திறந்து எடுப்பதாயின் முதலில் வரும் கசடும் கடைசியில் வரும் வண்டலும் கூடாது. நடுவில் ஓடுவதைப் பிடிக்கவேண்டும். புழுதிக் காற்றில் எடுத்தால் அந்தப் புழுதியே சிலிக்கானாகக் கணக்கில் ஏறும். நம் பட்டறைகளில் எதைத் துடைக்கவும் பனியன் வேஸ்ட் எடுப்பது வழக்கம். சீசாவின் உட்புறத்தை மட்டும் அதனால் துடைக்கலாகாது, பஞ்சிழை ஒட்டிக்கொள்ளும். நீர் பட்ட சீசா, பூச்சிமருந்து சீசா ஆகியவையும் உதவா. ஆய்வுக்கூடத்தாரே தரும் உலர்ந்த சீசாவில் நூறு மில்லிலிட்டர் போதும். சீசாவின்மேல் வண்டியின் விவரம், என்ஜின் ஓடிய மொத்த மணி, இந்த எண்ணெய் ஓடிய மணி, எண்ணெயின் பெயர், இடையில் ஊற்றிய அளவு ஆகியவற்றை எழுதாமல் அனுப்பினால் அறிக்கை பாதிப் பயனே தரும். மொத்தமாக எண்ணெய் வாங்குவோர், எண்ணெய்க் கம்பெனியாரிடமே பரிசோதனைக்கு ஏற்பாடு உண்டாவென்று கேட்டறிவது நலம்.

ஊராட்சி வண்டிகளைப் பொறுத்தவரை லாக் புத்தகத்தில் கிலோமீட்டரும் டீசலும் மட்டும் எழுதுவது வழக்கம். அதே பக்கத்தில் எண்ணெய் ஊற்றிய தேதியும் அளவும் எழுதிவந்தால் போதும். எண்ணெய் குடிப்பது எந்த மாதத்தில் கூடிற்றென்பது, பழுதுச்செலவுக்கான பில் வருமுன்னரே, அதிலிருந்து தெரியவரும்.

கழித்த எண்ணெயை வரப்பிலும் ஓடையிலும் கொட்டுவதும், கரையானுக்கென்று கம்பங்களில் பூசுவதும் இன்னும் நடக்கின்றன. சாயக்கழிவால் நொய்யல் கெட்டு, 2011-ல் உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதைக் கண்ட ஜில்லா இது. 2016-ம் ஆண்டு விதிகளின்படி பயன்படுத்திய எண்ணெய் அபாயகரமான கழிவுகளுள் ஒன்று. அதைப் பதிவுபெற்ற மறுசுத்திகரிப்பாளரிடமே சேர்ப்பிக்கவேண்டும். புது எண்ணெய் வந்த டப்பாவிலேயே பழையதை ஊற்றி, மூடியிட்டு, எண்ணெய் மாற்றும் பட்டறையின் வழியாக அனுப்பலாம். அதில் நீரையும், பெட்ரோலையும், பூச்சிமருந்தையும் கலவாதிருக்கவேண்டும். கலந்தால் அவ்வெண்ணெய் மீண்டும் சுத்தி செய்வதற்கு உதவாது.